'முதிர்ச்சி அடைந்தான்' என்று முடிக்காமல் ஒரு கட்டுரை எழுதுவது எப்படி?

நான் மும்பையில் மூன்றாம் ஆண்டு பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். வீடு தாராவியில், கல்லூரி மாட்டுங்காவில். இந்த செமஸ்டரில் எங்களுக்கு ஒரு தாள் முழுக்கவும் சிறுவர் சிறுமியர் வளர்ந்து பெரியவர்களாகும் கதைகள்தான். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்', சார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐர்', ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' மூன்றும் பாடம். அதோடு நம் தாய்மொழியிலிருந்து ஒரு கதையை நாமே தேர்ந்தெடுத்து ஒப்பிட்டு எழுதும் அசைன்மென்டும் உண்டு. அடுத்த வருஷம் இதே தாளை எடுக்கப்போகிற பிள்ளைகள் இப்போதே "அக்கா, நோட்ஸ் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இருக்கிறது. செராக்ஸ் போட்டுக் கொடுத்தால் என் கட்டுரை முப்பது பேர் பெயரில் ஆசிரியர் மேஜைக்குப் போகும். அதனால் நோட்ஸ் கிடையாது. இந்தக் கதைகளை எப்படிப் படிப்பது, படித்ததை எப்படி எழுதுவது என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பேராசிரியை அதிகம் பேசமாட்டார். கட்டுரையில், 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாயகன் பிப்பைப் பற்றி, 'இவ்வாறு பிப் அனுபவங்களின் மூலம் முதிர்ச்சி அடைகிறான்' என்று ஒரு வரி வந்தால் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போடுவார், அவ்வளவுதான். எங்கள் வகுப்பில் அந்தக் கேள்விக்குறி வாங்காத ஆளே கிடையாது என்று நினைக்கிறேன். எல்லார் கையிலும் ஒரே கைடு, அதில் அந்த வரி இருக்கிறது. வரியில் பிழை இல்லை. பிப்பை எடுத்துவிட்டு ஜேனைப் போட்டாலும் பொருந்தும், சுவாமிநாதனைப் போட்டாலும் பொருந்தும். அதுதான் வில்லங்கம்.

அதற்குப் பதிலாக வேறொரு கேள்வியோடு புத்தகத்தைத் திறக்கச் சொல்வேன். இந்தப் பிள்ளை வளர்வது யார் செலவில்? பணத்தை மட்டும் சொல்லவில்லை. யாருடைய நாள், யாருடைய மானம், யார் வாயை மூடிக்கொண்டு இருந்ததால் இவன் மேலே போனான் என்று பாருங்கள். 'என்ன கற்றுக்கொண்டான்' என்று கேட்டால் கைடு பதில் சொல்லிவிடும். இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும்.

வரலாற்று முன்னுரை இரண்டு வரி போதும்

இந்த வகை நாவலுக்கு ஜெர்மன் பெயர் பில்டுங்ஸ்ரோமான். 1795-96இல் வந்த, ஜெர்மன் எழுத்தாளர் கேதேயின் வில்ஹெல்ம் மைஸ்டர் நாவலை இதற்கு முன்மாதிரியாகச் சொல்வார்கள். பெயரைப் பரவலாக்கியவர் ஜெர்மன் தத்துவ அறிஞர் வில்ஹெல்ம் டில்தே. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். முதல் ஒன்றரைப் பக்கத்தை ஜெர்மனியிலேயே செலவழித்துவிட்டு, பிப்பிடம் வரும்போது மணி அடித்துவிட்ட கட்டுரைகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். டிக்கன்ஸின் வாழ்க்கை வரலாற்றுக்கும் இதே கதிதான். அவர் சிறுவயதில் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் வேலை பார்த்தது உண்மை, மனதைத் தொடும் விஷயமும்தான். ஆனால் கேள்வி அவரைப் பற்றியதல்ல.

படிக்கும் விதம்

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள். கதையாகப் படியுங்கள். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் நான் வாங்கிய டிக்கன்ஸ் பிரதியில், எனக்கு முன் அதை வைத்திருந்த புண்ணியவான் முதல் நாற்பது பக்கத்தில் எல்லா வரியையும் அடிக்கோடிட்டு ஓரத்தில் 'மிக முக்கியம்' என்று எழுதியிருந்தார். அதற்கப்புறம் புத்தகம் புத்தம் புதிதாக இருந்தது. நாற்பதாவது பக்கத்தோடு அவர் கைடுக்குப் போயிருப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

எங்கே படிப்பது என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது. சயானிலிருந்து மாட்டுங்கா ஒரே ஸ்டேஷன், லேடீஸ் டப்பாவில் ஏறி நிற்பதற்குள் இறங்க வேண்டும், அதனால் ரயில் வாசிப்பு எனக்கு வாய்க்கவில்லை. கல்யாணிலிருந்து வரும் தோழி ஒருத்தி முழு 'ஜேன் ஐர்' நாவலையும் ரயிலிலேயே முடித்தாள். நான் இரவில் எங்கள் வீட்டுப் பரணில் உட்கார்ந்து படிக்கிறவள்.

இரண்டாம் வாசிப்பில்தான் பென்சில். இரண்டே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சிறுவன் அப்போது பார்த்ததும் நினைத்ததும் வரும் இடத்தில் ஒரு சின்ன வட்டம். வளர்ந்தபின் கதை சொல்கிறவர் குறுக்கே பேசும் இடத்தில் ஒரு நேர்க்கோடு. தன்மையில் சொல்லப்படும் வளரும் கதைகளில் 'நான்' என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். பட்டவன் ஒருவன், பிற்பாடு உட்கார்ந்து எழுதுகிறவன் ஒருவன். இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்காமல் 'பிப் உணர்கிறான்' என்று எழுதினால், எந்த பிப் என்று எங்கள் பேராசிரியை கேட்பார்.

எந்தப் பகுதியில் இதைத் தொடங்குவது என்று கேட்டால், கூச்சப்படும் காட்சியைத் தேடுங்கள் என்பேன். ஏறக்குறைய எல்லா வளரும் கதையிலும் ஒன்று இருக்கும். வீடு, உடை, சாப்பாடு, பேச்சு, இந்த நான்கில் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பிள்ளைக்கு முதல் தடவை வெட்கம் வரும் இடம். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' எட்டாம் அத்தியாயத்தில், மிஸ் ஹாவிஷம் என்ற பணக்காரப் பெண்மணியின் வளர்ப்பு மகள் எஸ்டெல்லா சீட்டு விளையாடிக்கொண்டே பிப்பின் முரட்டுக் கைகளையும் கனத்த பூட்ஸையும் கிண்டல் செய்கிறாள். அதற்கு முன்னால் தன் கைகளைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை. பதினான்காம் அத்தியாயம் தொடங்குவதே சொந்த வீட்டை நினைத்து வெட்கப்படுவது எத்தனை வேதனை என்ற வரியோடுதான். பழைய நாவல்களெல்லாம் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. போனில் இறக்கிக்கொண்டு வெட்கத்துக்கான ஆங்கிலச் சொல்லைத் தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள். நாவல் எங்கெல்லாம் வலிக்கிறது என்பதற்கு ஒரு வரைபடமே கிடைத்துவிடும்.

ஒரு தொப்பியும் ஒரு நாள் கூலியும்

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வதைவிட ஒரே ஒரு காட்சியை நன்றாகப் பிரித்துக் காட்டுகிறேன். இருபத்தேழாம் அத்தியாயம். பிப் இப்போது லண்டனில் கனவானாகப் பழகிக்கொண்டிருக்கிறான். அவனை வளர்த்த கொல்லர் ஜோ பார்க்க வருகிறார் என்று, ஊரிலிருக்கும் பிடி (Biddy) என்ற பெண் எழுதிய கடிதம் வருகிறது. பணம் கொடுத்து அவர் வரவைத் தடுக்க முடியுமென்றால் கொடுத்திருப்பேன் என்கிறான் பிப். ஜோ ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், கையில் தொப்பியோடு வருகிறார். பறவைக் கூட்டை முட்டையோடு பிடித்திருப்பதுபோல அந்தத் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். பிறகு அடுப்புமாடத்தின் ஓரத்தில் வைக்கிறார். அது விழுகிறது. பாய்ந்து பிடிக்கிறார், மறுபடி வைக்கிறார், மறுபடி விழுகிறது. பிப்பை ஒரு வாக்கியத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அடுத்த வாக்கியத்தில் 'சார்' என்கிறார்.

வாசிக்கும்போது சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரி வருகிறது: இதெல்லாம் என் தவறுதான், நான் ஜோவிடம் இயல்பாக இருந்திருந்தால் ஜோவும் என்னிடம் இயல்பாக இருந்திருப்பார் என்பதைப் புரிந்துகொள்ளும் அறிவும் எனக்கில்லை, மனசும் எனக்கில்லை என்று. உங்கள் நேர்க்கோடு இங்கே விழ வேண்டும். தொப்பி விழுவதைப் பார்த்து எரிச்சல்பட்டவன் இளைஞன் பிப். இந்த வரியை எழுதுகிறவர் வேறொருவர், பல வருஷம் கழித்து எழுதுகிறார். இந்த இடைவெளிதான் உங்கள் கட்டுரைக்கான சரக்கு. கடைசியில் ஜோ, நாம் இரண்டு பேரும் லண்டனில் சேர்ந்து நிற்க வேண்டியவர்கள் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். பிப் சுதாரித்துக்கொண்டு தெருவில் தேடி ஓடுகிறான். ஆள் இல்லை.

இந்தக் காட்சியை நான் அண்ணனிடம் சொன்னேன். என் அண்ணன் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே இருக்கும் ஒரு தோல் பை காலாவில் (சின்னப் பட்டறையில்) வேலை பார்க்கிறான். நான் சாப்பாடு கொண்டுபோன நேரம், லைனிங் துணிக்கு சொல்யூஷன் (பசை) தடவிக்கொண்டிருந்தான். தொப்பி விழும் இடத்தில் அவன் சிரிக்கவில்லை. "ஏட்டி, அந்த மனுசன் லண்டனுக்கு வந்த அன்னிக்குப் பட்டறைய யாரு பாத்தா? ஒருநாள் கூலி போச்சுல்லா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அத்தியாயத்தை மறுபடி படித்தேன். அதில் அந்தப் பேச்சே இல்லை. ஜோ சொல்லவில்லை, பிப் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஜோவுக்கும் காசுக்கும் உள்ள கணக்கை நாவல் முழுக்கத் தேடினேன். நீங்களும் இப்படி ஒரு கதாபாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள், நல்ல பலன் உண்டு. பிப்பைத் தொழில் பழக எடுத்தபோது மிஸ் ஹாவிஷம் 25 கினி (பழைய ஆங்கிலேயத் தங்கக் காசு) கொடுக்கிறார். பிற்பாடு பையனை லண்டனுக்கு அனுப்பும்போது, ஆள் போவதற்கு நஷ்டஈடு வேண்டுமா என்று வக்கீல் ஜாகர்ஸ் கேட்கிறார். ஜோ கோபப்பட்டு மறுக்கிறார். ஐம்பத்தேழாம் அத்தியாயத்தில் பிப் காய்ச்சலில் கிடக்கும்போது நகைக்கடைக் கடனுக்காகப் பிடிக்க வருகிறார்கள். 123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸ். குணமாகி எழுந்து பார்த்தால் ஜோ ஊருக்குப் போய்விட்டிருக்கிறார், கடன் கட்டிய ரசீது மட்டும் இருக்கிறது. கொல்லுப்பட்டறை வருமானத்தில்தான் கட்டியிருக்க வேண்டும். பிப் உடம்பு தேறத் தேற, ஜோ மறுபடியும் 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்ததும் இதே அத்தியாயத்தில்தான். அதை நான் முதல் வாசிப்பில் கவனிக்கவே இல்லை, அண்ணன் கேட்டதற்கப்புறம்தான் கண்ணில் பட்டது.

பிப்பைக் கனவானாக்கிய பெரிய பணம் வேறிடத்திலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதியாகப் போய் ஆடு மேய்த்துச் சம்பாதித்த மாக்விச்சின் பணம். ஆனால் தேர்வில் எல்லாரும் மாக்விச்சைப் பற்றித்தான் எழுதுவார்கள். ஜோவை எடுங்கள்.

எல்லாக் கதைக்கும் ஒரே சாவி இல்லை

இந்தக் கேள்வியை எல்லாப் புத்தகத்திலும் அப்படியே போட்டு அழுத்தாதீர்கள். 'ஜேன் ஐர்' நாவலில் தேடவே வேண்டாம், முதல் அத்தியாயத்திலேயே எதிரி வாயால் வந்துவிடுகிறது. எங்கள் புத்தகத்தைத் தொட உனக்கு உரிமையில்லை, உன் அப்பா காசு வைத்துவிட்டுப் போகவில்லை, எங்கள் அம்மா செலவில் உடுத்துகிறாய் என்று மாமா மகன் ஜான் ரீட் பத்து வயது ஜேனிடம் சொல்லிவிட்டுப் புத்தகத்தையே தூக்கி எறிகிறான். நாவலின் பின்பகுதியில் மடெய்ராவிலிருந்த சித்தப்பாவின் 20,000 பவுண்டு சொத்து ஜேனுக்கு வருகிறது. அவள் அதை நான்காகப் பங்கு போட்டு ஆளுக்கு 5,000 என்று கொடுத்துவிடுகிறாள். இந்த இரண்டு இடத்தையும் எதிரெதிரே வைத்தாலே ஒரு கட்டுரை ஆகிவிடும். எல்லாரும் ஜேனைப் பூட்டிவைக்கும் சிவப்பு அறைக் காட்சிக்கு ஓடும்போது நீங்கள் இங்கே நில்லுங்கள்.

1935இல் வந்த 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வேறு மாதிரி. படர்க்கையில் சொல்லப்படுவதால் என் வட்டமும் கோடும் அங்கே வேலை செய்யாது. ஆர்.கே. நாராயண் பையனுக்குப் பக்கத்திலேயே நடந்து வருகிறார், லேசாகச் சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு எங்கே நின்றுபோகிறது என்று பார்ப்பதுதான் அங்கே வழி. எனக்குத் தெரிந்து ரயில் நிலையத்தில். முக்கியமான மேட்சுக்கு வராமல் ஓடிப்போன சுவாமியிடம் நண்பன் ராஜம் பேசுவதை நிறுத்திவிட்டான். இப்போது அவன் அப்பாவுக்கு மாற்றல், மால்குடியை விட்டே போகிறான். சுவாமி ஆண்டர்சன் கதைப் புத்தகத்தைப் பரிசாக எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். ராஜம் ஏதோ சொல்ல வாய் திறப்பது போலிருக்கிறது, அதற்குள் கார்டு விசில். இன்னொரு நண்பன் மணி ஓடிப்போய்ப் புத்தகத்தைக் கொடுக்கிறான். ராஜம் கை அசைத்தான். கடிதம் போடுவானா என்று சுவாமி கேட்கிறான், போடுவான் என்கிறான் மணி. அதை நிஜமாகச் சொல்கிறானா என்று மணி முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அத்தோடு நாவல் முடிகிறது. 'சுவாமி நட்பின் அருமையை உணர்கிறான்' என்று கைடு சொல்கிறது. என்னத்தை உணர்ந்தான்? பாவம், அவனுக்கு ஒரு பதில்கூடக் கிடைக்கவில்லை.

தாய்மொழிக் கதைக்கு நான் இரண்டைப் பரிந்துரைப்பேன். ஒன்று, நம் மும்பையில் வாழும் அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்'. சிறுகதைதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். சொல்கிற பெண் பெரியவளாகும்போது அம்மா ஊரில் இல்லை. சுற்றியிருப்பவர்கள் பேச்செல்லாம் அவளைப் பயமுறுத்துகிறது, அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். உறவுப் பெண்ணின் சம்பந்த விஷயமாகப் போயிருந்த அம்மா, பெண் கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் தட்டிக்கழித்த வேதனையோடு திரும்புகிறாள். வாசலில் வைத்து மகளிடம் அவள் சொல்வதைக் கதையிலேயே படித்துக்கொள்ளுங்கள், நான் இங்கே போட்டுக் கெடுக்கவில்லை. ஜோவின் கணக்கு இங்கே தலைகீழாகிறது. பெரியவர்கள் எங்கேயோ பட்ட அடிக்குச் சிறுமி விலை கொடுக்கிறாள். அவளும் கறுப்பு என்பது கதையில் முன்பே சொல்லப்படுகிறது, அதைத் தவறவிடாதீர்கள். பையன்கள் வளரும் கதையில் ஊரை விட்டு வெளியே போகிறார்கள், இந்தப் பெண்ணைச் சுற்றி வீடு சுருங்குகிறது என்று நான் ஒப்பிட்டு எழுதினேன். பேராசிரியை அந்தப் பக்கத்தில் கேள்விக்குறி போடவில்லை.

இன்னொன்று, அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. 1977இல் வந்தது. செகந்திராபாத்தில் வளரும் தமிழ்ப் பையன் சந்திரசேகரன். கிரிக்கெட், கல்லூரி, பக்கத்து வீட்டுச் சண்டை என்று போய்க்கொண்டிருக்கும்போதே சுதந்திரம், நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைவது எல்லாம் அவன் தெருவுக்குள் வந்துவிடுகின்றன. வேறு மொழி பேசும் ஊரில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்த நாவல் அந்நியமாகவே தெரியாது. வீட்டில் ஒரு மொழி, மைதானத்தில் ஒன்று, வகுப்பில் ஒன்று என்று அவன் மாறிக்கொண்டே இருப்பதை நாம் விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்வோம். கடைசியில் கலவரத்தின் நடுவே அவன் ஒரு வீட்டுக்குள் போய் நிற்கிறான். குடும்பத்தைக் காப்பாற்ற அந்த வீட்டுப் பெண் ஒருத்தி அவன் முன்னால் செய்வதைப் பார்த்துவிட்டு அங்கிருந்து ஓடுகிறான். அவன் யாரையும் அடிக்கவில்லை, எதையும் எரிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு அவன் யாராகத் தெரிந்தான் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓரிடத்தில் நின்றதற்கே ஒருவன் இப்படிப் பெரியவனாக வேண்டியிருக்கிறதே என்று நான் அன்று இரவு தூங்கவில்லை. பாடத்தில் உள்ள ஆங்கில நாவல் எதுவும் எனக்கு அப்படிச் செய்யவில்லை, டிக்கன்ஸையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முடிவை உடனே நம்பாதீர்கள்

கட்டுரையின் கடைசிப் பத்தியை நாவலின் கடைசிப் பக்கத்திலிருந்து எடுப்பது எல்லாருக்கும் பழக்கம். டிக்கன்ஸ் விஷயத்தில் அது ஆபத்து, அவர் இரண்டு முடிவு எழுதியிருக்கிறார். முதலில் எழுதியதில் பிப்பும் எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் தற்செயலாகப் பார்த்துவிட்டுப் பிரிகிறார்கள், எஸ்டெல்லா வேறொருவரை மணந்திருக்கிறாள். எழுத்தாள நண்பர் புல்வர் லிட்டன் சொல்லியதால் அதை மாற்றி, பாழடைந்த வீட்டுத் தோட்டத்தில் இருவரும் கைகோத்து நடக்கும் முடிவை வைத்தார். நாம் படிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது. சில பதிப்புகளில் பின்னிணைப்பாகப் பழையதும் இருக்கும். எது சிறந்தது என்று விவாதிக்கப் போகாதீர்கள், அது பழைய கேள்வி, பக்கத்தைத் தின்றுவிடும். இரண்டு முடிவிலும் எஸ்டெல்லாதான் நிற்கிறாள், ஜோ இல்லை. அதை மட்டும் கவனித்து ஒரு வரி எழுதுங்கள்.

சொந்த வாழ்க்கையை எங்கே வைப்பது

இந்தத் தாளில் சில ஆசிரியர்கள் 'உன் அனுபவத்தோடு தொடர்புபடுத்து' என்பார்கள். அண்ணன் கேட்ட கேள்வியை நான் கட்டுரையில் எழுதவில்லை. அந்தக் கேள்வியால் கிடைத்த 25 கினி, மறுத்த நஷ்டஈடு, ரசீது ஆகிய மூன்றையும் எழுதினேன். நம் வாழ்க்கை எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று காட்டும், ஆனால் சாட்சியாகப் பக்கத்தில் உள்ள வரியைத்தான் வைக்க வேண்டும். கேட்டு வாங்கும் ரிஃப்ளெக்ஷன் கட்டுரை என்றால் தாராளமாக எழுதலாம். அப்போதும் தாராவி என்றவுடன் வறுமை, வைராக்கியம் என்று எழுதினால் ஆசிரியர்கள் உருகுவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். எங்கள் தெருவில் இருப்பது சொல்யூஷன் வாசமும் தண்ணீர் வரும் நேரத்துச் சண்டையும் ட்யூஷன் சென்டர்களும். அதை எழுதினால் போதும்.

உட்கார்ந்து எழுதும்போது

குறிப்பைத் தமிழிலேயே எடுங்கள். நான் ஓரத்தில் எழுதுவதெல்லாம் 'இங்க ஏன் சார்னு கூப்பிடுறாரு?' என்கிற மாதிரிதான் இருக்கும். கேள்வி நேராக வரும், அப்புறம் ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளலாம். முதலிலேயே ஆங்கிலத்தில் யோசித்தால் கைடின் வாக்கியங்கள்தான் கைக்கு வருகின்றன.

முதல் பத்தியைக் காட்சியோடு தொடங்குங்கள். உதாரணத்துக்கு: 'ஜோ லண்டனுக்கு வரும் நாளில் அவருடைய தொப்பி மீண்டும் மீண்டும் கீழே விழுகிறது. பிப்புக்கு அது எரிச்சல், கதை சொல்லும் பிப்புக்கு அது குற்றவுணர்வு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஜோ செலவழித்தது எவ்வளவு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.' இதற்கப்புறம் எங்கே போக வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரு காட்சியை விரிவாக, இரண்டு காட்சிகளைத் தொட்டுச் செல்லும்படி வைத்தால் போதும். எட்டுக் காட்சியை அடுக்கினால் கதைச்சுருக்கம் ஆகிவிடும்.

தேர்வு என்றால் நேரம் இல்லை. கேள்வித்தாளில் 'வளர்ச்சி', 'அடையாளம்', 'சமூகம்' என்று எந்தச் சொல் வந்தாலும், முன்பே தயார் செய்து வைத்த ஒரு காட்சியை எடுத்து அந்தச் சொல்லோடு பொருத்துங்கள். ஒரு நாவலுக்கு ஒரு காட்சி மனப்பாடமாக இருக்கட்டும், சரியான இரண்டு மேற்கோளோடு.

புத்தகம் வாங்க கிங்ஸ் சர்க்கிள் நடைபாதை, ஃபோர்ட்டில் ஃபவுன்டன் பக்கம், இரண்டும் பார்க்கலாம். தமிழ்ப் புத்தகங்களுக்கு சயானில் பம்பாய் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, போய்க் கேட்டுப் பாருங்கள். பழைய பிரதி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அதனால் மேற்கோளுக்கு அத்தியாய எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' மூன்று பாகமாக வெளிவந்த நாவல் என்பதால் சில பதிப்புகளில் ஒவ்வொரு பாகத்திலும் அத்தியாயம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஜோ லண்டனுக்கு வரும் இருபத்தேழாம் அத்தியாயம் அதில் இரண்டாம் பாகம், எட்டாம் அத்தியாயம் என்றிருக்கும். உங்கள் ஆசிரியர் கையில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு எண்ணையும் போட்டுவிடுங்கள்.